குமரிக் கடற்கரையில் நோய் ஆய்வு: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கிள்ளியூர் வட்டத்தில் கனிம மணல் எடுக்கும் திட்டம் பற்றிய பேச்சு எழுந்த நாளிலிருந்து, கடற்கரை ஊர்களில் ஒரு கோரிக்கை திரும்பத் திரும்பக் கேட்கிறது: இங்கே புற்றுநோய் எவ்வளவு இருக்கிறது, அது மணலால் வருகிறதா, ஆய்வு நடத்திச் சொல்லுங்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் அந்த ஆய்வு யார் பணத்தில் நடக்கும், யாரை எண்ணும், யாரை விட்டுவிடும், முடிவை முதலில் யாரிடம் சொல்லும் என்ற கேள்விகள் அதோடு சேர்ந்து எழவில்லை. நோய்ப்பரவல் ஆய்வு நேர்மையானதா என்பது வாசலில் நீட்டும் சம்மதப் படிவத்தில் முடிவாவதில்லை. வீட்டுப் பட்டியல் எடுக்கும்போதும், கேள்வித்தாள் எழுதும்போதும், வரவுசெலவு போடும்போதுமே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்த இடங்களில் மக்கள் இருப்பதில்லை. ஆகவே அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் புற்றுநோய்க் கணக்கு. கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் நம்முடையதைப் போன்ற மோனசைட் மணல்தான், அதாவது இயற்கையாகவே கதிர்வீச்சை வெளியிடும் கனிமம் கலந்த மணல். அங்கே திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990-களில் வீடு வீடாகச் சென்று 3,85,103 பேரைப் பதிவு செய்தது. அவர்களில் 30 முதல் 84 வயதுக்குட்பட்ட 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். 2005 இறுதி வரை 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இயற்கைக் கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோயும் கூடியதாகத் தெரியவில்லை என்பது முடிவு. மணலைப் பற்றிப் பேசும்போது மேற்கோள் காட்டப்படுவது இந்த ஒரு வரிதான். அதே ஆய்வில் ரத்தப்புற்று வந்தவர்கள் 30 பேர் மட்டுமே. முப்பது பேரை வைத்துக்கொண்டு ரத்தப்புற்று சற்றே கூடுகிறதா இல்லையா என்று எந்தக் கணக்கும் தீர்த்துச் சொல்லாது. கூடியதாகத் தெரியவில்லை என்பது வேறு, கூடவில்லை என்பது வேறு. அதோடு, அது மணல் மேல் வீடு கட்டி வாழ்பவர்களைப் பற்றிய ஆய்வு. மணலைச் சலித்துப் பிரிக்கும் இடத்தில் தூசியைச் சுவாசிப்பவர்களைப் பற்றிய கேள்விக்கு அதில் பதில் தேடக் கூடாது; அதற்குத் தனி ஆய்வு வேண்டும். அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் முறையை: வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கதிர்வீச்சை அளந்தார்கள், ஒவ்வொருவரின் புகையிலைப் பழக்கத்தையும் கேட்டுப் பதிந்தார்கள், புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள்.

இங்கே அதைச் செய்யும்போது மூன்று இடங்களில் சறுக்கும். ஒன்று, நோயாளிகளின் எண்ணிக்கை. தமிழ்நாடு முழுமைக்கும் 2012 முதல் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் விளவங்கோடு, கிள்ளியூர்க்காரர்களுக்குக் களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். சிகிச்சைக்கு அங்கேதான் போகிறார்கள். நோயாளி அங்கே தங்கியிருக்கும் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தால் அவர் அந்த மாவட்டக் கணக்கில் போய்விடுவார். திருவனந்தபுரத்து மருத்துவமனைப் பதிவுகளைத் தேடாத ஆய்வு, மேற்கு வட்டங்களின் புற்றுநோயைக் குறைத்தே காட்டும்.

இரண்டாவது, வயது. புற்றுநோய் முதுமையில் கூடும் நோய். இளைஞர்கள் வளைகுடாவிலும் வெளியூரிலும் இருக்கும் ஊரில், வீட்டில் இருப்பவர்களில் முதியவர்களின் பங்கு இயல்பாகவே அதிகம். ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: அறுபது தாண்டியவர்களில் ஆயிரத்துக்கு 5 பேருக்கும், அறுபதுக்குக் கீழே ஆயிரத்துக்கு அரை ஆளுக்கும் ஆண்டுதோறும் நோய் வருகிறது. ஆயிரம் பேரில் 200 முதியவர்கள் உள்ள ஊரில் 1.4 வரும், 100 முதியவர்கள் உள்ள ஊரில் 0.95 வரும். வயதுக்கு வயது ஆபத்து ஒன்றுதான். ஆனாலும் முதல் ஊரில் நோய் ஒன்றரை மடங்கு என்று தலைப்பு எழுதிவிடலாம். வயதைச் சரிக்கட்டாத எந்த விகிதத்தையும், அது யாருக்குச் சாதகமாக இருந்தாலும், நாளிதழ்கள் அச்சிடும் முன் ஒருமுறை கேட்க வேண்டும்.

மூன்றாவது, சிறிய எண்கள். இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 100 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வருகிறது. அப்படியானால் 3,000 பேர் உள்ள ஊரில் எதிர்பார்ப்பது 3. அதே ஊரில் ஓராண்டில் 6 அல்லது அதற்கு மேல், எந்தக் காரணமும் இல்லாமல், தற்செயலாகவே வருவதற்கு நூற்றுக்கு எட்டு வாய்ப்பு உண்டு. அதாவது பன்னிரண்டு ஊர்களைப் பார்த்தால் ஒன்றிலாவது இரண்டு மடங்கு தெரியலாம். எந்த ஊரில் அதிகம் என்று பார்த்துவிட்டு அந்த ஊரை மட்டும் எடுத்துப் பேசுவது பிழை. எந்த ஊர்கள், எத்தனை ஆண்டுகள், எந்தப் புற்றுநோய்கள் என்பதை விவரம் சேர்க்கும் முன்பே எழுதிப் பொதுவில் வைத்துவிட வேண்டும். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு 2007 முதல் இயங்குகிறது. மருந்துப் பரிசோதனை அல்லாத ஆய்வுகளையும் அதில் பதியலாம். பகுப்பாய்வுத் திட்டத்தை முன்கூட்டிப் பதியாத ஆய்வு, எடுத்த முடிவுக்கு ஏற்பக் கணக்கை மாற்ற இடம் வைத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இனி வீட்டுப் பட்டியல். மாவட்டத்தில் உயர் ரத்த அழுத்தம் எத்தனை பேருக்கு என்று அறியும் சாதாரண ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 20 சதவீதம் இருக்கும் என்று எதிர்பார்த்து, 3 சதவீதப் புள்ளி முன்பின் துல்லியம் வேண்டுமென்றால் 683 பேர் தேவை. தனித்தனி ஆளாகத் தேடாமல் ஊர் ஊராகக் கொத்துக் கொத்தாக எடுப்பதால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள். அதற்கு ஈடாக ஒன்றரை மடங்கு, 1,025. பத்துக்கு ஒருவர் கிடைக்க மாட்டார் என்று சேர்த்தால் 1,139. முப்பது கொத்து, கொத்துக்கு 38 பேர். இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருப்பதுதான். சிக்கல் இதற்குப் பிறகு வருகிறது.

வெளியிலிருந்து வருபவர்கள் கொத்துகளை நகரம், கிராமம் என்று பிரிப்பார்கள். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் 82 சதவீதம் பேர் நகரவாசிகள். காரணம், இங்கே பேரூராட்சிகள் அதிகம். ரப்பர் தோட்டத்து நடுவில், பேருந்து நிறுத்தத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்கும் வீடும் பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் நகரம்தான். இந்தப் பிரிவினை இங்கே எதையும் சொல்லாது. கடற்கரை, நடுநிலம், மலையடிவாரம் என்று பிரித்தால்தான் உணவும் தொழிலும் நோயும் பிரியும்.

அடுத்தது, கதவைத் தட்டும் நேரம். காலை பத்து முதல் மாலை நான்கு வரை வேலை செய்யும் குழு யாரைச் சந்திக்கும்? தூத்தூர் வட்டார ஊர்களில் ஆழ்கடலுக்குப் போன ஆண்கள் கரை திரும்ப வாரக்கணக்காகும். முந்திரி ஆலைக்கு, ஊர் வாயில் அண்டியாபீசுக்கு, போன பெண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். ரப்பர் பால்வடிப்புத் தொழிலாளி விடியும் முன் தோட்டத்துக்குப் போய், வேலை முடிந்து பகலில் அசந்து தூங்குவார். கதவு திறப்பவர்கள் முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும்தான். அப்போது களப்பணியாளர் செய்வது, பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு. எங்கள் கணிப்பில் இந்த மாவட்டத்தின் ஆய்வு விவரங்களைக் கெடுக்கும் முதல் காரணம் இதுதான். மாற்று வீடு கூடாது என்று எழுதியே வைக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மூன்று முறை, மூன்று வெவ்வேறு நேரத்தில், அதில் ஒன்று மாலை ஆறுக்கு மேலோ ஞாயிறு பூசை முடிந்த பிறகோ போக வேண்டும். அப்படியும் கிடைக்காதவரைக் கிடைக்காதவர் என்றே பதிந்து, அவர் ஆணா பெண்ணா, வயது என்ன என்பதை மட்டும் வீட்டாரிடம் கேட்டு வைத்தால், விடுபட்டவர்கள் யார் என்பதாவது அறிக்கையில் தெரியும்.

மீனவர்களை வீட்டில் சந்திக்க மீன்பிடித் தடைக்காலம் வசதி என்று தோன்றும். ஆனால் இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம்: கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தேதியை ஒன்றாக வைத்தால் ஒரு பக்கத்து ஆண்கள் விடுபடுவார்கள். மேலும் ஜூன், ஜூலை மழைக்காலம். ரத்த அழுத்த ஆய்வுக்கு அது குறையில்லை. காய்ச்சல் பற்றிய ஆய்வை அந்த இரண்டு மாதம் மட்டும் நடத்தினால் ஆண்டு முழுவதும் ஊரே காய்ச்சலில் கிடப்பதாகத் தெரியும்.

கேள்வித்தாளின் மொழி. ஆங்கிலத்தில் எழுதி, தலைநகரில் தமிழாக்கி, வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்த்துவிட்டோம் என்பார்கள். அது போதாது. 'கடந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக்கு வெள்ளம் வந்ததா?' என்று மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு அம்மாவிடம் கேளுங்கள். 'வெள்ளம் ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் வருது' என்று குடிதண்ணீர்க் குழாயைக் காட்டுவார். அவர் சொன்னது சரி, கேள்விதான் தப்பு. காசநோய்க்கான கேள்வியில் உடல் மெலிந்ததா என்பதற்கு 'இளைத்தீர்களா' என்று எழுதினால், இங்கே பலருக்கு அது மூச்சு இளைப்பு. ஆஸ்துமாக்காரர்கள் எல்லாரும் ஆம் என்பார்கள். கல்வியறிவு 91.75 சதவீதம் என்ற 2011-ஆம் ஆண்டுப் பெருமை இதற்கு மருந்தாகாது. வாசிக்கத் தெரிந்தவருக்கும் சொல் அவர் ஊர்ச் சொல்லாகத்தான் பொருள்படும். எல்லையோரத்தில் மலையாளம் பேசும் வீடுகளும் உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து பேரிடம் கேள்வியைப் படித்துக்காட்டி, 'இதை உங்க வார்த்தையிலே சொல்லுங்க' என்று கேட்டுப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. இதைத் தவிர்த்துவிட்டு ஆயிரம் வீட்டில் தப்பான கேள்வியைக் கேட்பது மக்களின் நேரத்தைத் திருடுவது.

அளவெடுப்பிலும் இதே கதைதான். ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், சாயா குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மூன்று முறை எடுத்துக் கடைசி இரண்டின் சராசரியைக் கொள்ள வேண்டும். நம் ஊரில் விருந்தாளிக்கு முதலில் சாயா. களப்பணியாளருக்குப் போடும்போது வீட்டுக்காரரும் சேர்ந்து குடிப்பார். அதற்கும் திட்டத்தில் வழி வேண்டும்: அளவு முதலில், சாயா பிறகு. விவரங்கள் நேர்மையாகச் சேர்ந்தனவா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. மின்னணுக் கருவியில் எடுத்த அளவுகளின் கடைசி இலக்கம் பூஜ்யத்தில் முடிவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி 120, 130, 140 என்று இருந்தால் கருவியைப் பார்த்து எழுதவில்லை, மனக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். சர்க்கரைக்கு எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வெயிலில் பைக்குள் வைத்துச் சுற்றினால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். காலை ஏழு மணிக்குக் கீரிப்பாறையில் எடுத்த குழாய் பதினோரு மணிக்கு நாகர்கோவில் ஆய்வகம் சேர்ந்தால், நீரிழிவுக்காரர் ஒருவர் நல்லவராகிவிடுவார். அவருக்கு நீங்கள் கொடுக்கும் சீட்டில் 'சர்க்கரை இல்லை' என்றிருக்கும். இது புள்ளிவிவரப் பிழை மட்டுமல்ல, ஒரு மனிதருக்குச் செய்த கெடுதல்.

களப்பணியாளர் பொய்யாக நிரப்பினார் என்று குற்றம் சொல்லும் முன், அவருக்கு எப்படிச் சம்பளம் என்று கேட்க வேண்டும். படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் மூன்றாவது முறை யார் போவார்? மாதச் சம்பளம், பயணப்படி, இருட்டிய பிறகு வீடு போகும் பெண் பணியாளருக்கு வண்டி, இவை வரவுசெலவில் இருக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வீடுகளுக்கு மேற்பார்வையாளர் மறுபடி சென்று நான்கைந்து கேள்விகளை மட்டும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

சம்மதம் பற்றி நிறையப் பேசப்படுகிறது, ஆகவே முக்கியமானதை மட்டும் சொல்கிறோம். தகவல் தாள் வேறு, சம்மதப் படிவம் வேறு. இரண்டின் நகலும் வீட்டில் விட்டுச் செல்ல வேண்டும். யார் நடத்துகிறார்கள், யார் பணம், எத்தனை நிமிடம், எவ்வளவு ரத்தம் (5 மில்லி என்றால் ஒரு தேக்கரண்டி என்று சொன்னால் புரியும்), மறுத்தால் எந்தச் சிகிச்சையும் சலுகையும் நிற்காது, குறை இருந்தால் ஆய்வாளரை அல்லாமல், ஆய்வைப் பரிசீலித்து அனுமதி தந்த நெறிமுறைக் குழுவை அழைக்க ஒரு தொலைபேசி எண். வாசிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருக்க வேண்டும். குழந்தைகள் என்றால் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது: ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை வாய்மொழியாகவும், அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்திலும் பிள்ளையின் இசைவும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது.

இதைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் உண்டு. 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டு ஒரு திட்ட ஆய்வு நடந்தது. 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஆந்திரத்தில் பார்வையிட்ட 9,543 படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர்களோ தலைமை ஆசிரியர்களோ கையெழுத்திட்டிருந்ததை 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை எடுத்துக்காட்டியது. தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கே பேச்சு. பிள்ளைக்காக யார் பேசலாம் என்பதுதான்.

நம் மாவட்டத்தில் அந்தக் காப்பாளரின் இடத்தில் வேறு ஆட்கள் வருவார்கள். பங்குத்தந்தை, ஊர்க் கமிட்டி, ஜமாத், காணிப் பழங்குடியினர் குடியிருப்பில் அவர்கள் தலைவரான மூட்டுக்காணி. ஊருக்குள் நுழைய அவர்கள் அனுமதி கேட்பது மரியாதை. பங்கிலுள்ள குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் ஒருமுறை விளக்கிச் சொல்வது பெரும் உதவி. ஆனால் அவர்கள் சரி என்றது ஊருக்குள் வர மட்டுமே. ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சரி என்று சொன்னாலொழிய ஊசி எடுக்கக் கூடாது. பங்குத்தந்தை பக்கத்தில் நின்றால் மறுக்க யாருக்கு மனம் வரும்? கிராம சுகாதார செவிலியரோ மக்களைத் தேடி மருத்துவப் பணியாளரோ சம்மதம் வாங்கினாலும் அப்படித்தான். நாளைக்கு மாத்திரை கொண்டுவருபவர் அவர்தான். வழி காட்டட்டும், வாசலோடு நிற்கட்டும்.

சுனாமிக்குப் பின்னும் ஒக்கிப் புயலுக்குப் பின்னும் படிவங்களோடு வந்தவர்களைக் கடற்கரை பார்த்திருக்கிறது. பேரிடர் நேரத்தில் பெயர் எழுதுகிறவர் எல்லாரும் நிவாரணப் பட்டியல் எடுப்பவராகவே தெரிவார். ஆகவே முதல் வாக்கியமே 'இது நிவாரணக் கணக்கு அல்ல' என்றிருக்க வேண்டும். கடலில் மகனைப் பறிகொடுத்தவரிடம் தூக்கம் வருகிறதா, வாழ்வதில் அர்த்தம் இருக்கிறதா என்று இருபது கேள்வி கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பது கொடுமை. மனநல ஆலோசகர் ஒருவர் அன்றே வந்து பார்க்கும் ஏற்பாடு இல்லாத குழு அந்தக் கேள்விகளைத் தொடவே கூடாது. உடல் நோய்க்கும் இதே விதி: அழுத்தம் 180-க்கு 110 என்று கண்டவரை எண்ணாகப் பதிந்துவிட்டு நகர முடியாது, அன்றே எந்த மருத்துவமனை, யார் கூட்டிப்போவது என்பது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒப்பீட்டுக் குழு என்று ஒன்று இருக்கும் ஆய்வுகளில் ஊர்க்காரர்கள் ஒரு கேள்வியை மறக்கக் கூடாது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வில், புளிக்காடி (வினிகர்) தடவிக் கண்ணால் பார்க்கும் பரிசோதனை 49,311 பெண்கள் கொண்ட குழுவுக்கு வழங்கப்பட்டது. 30,958 பேருக்கு வழக்கமான சேவை மட்டும். 2007-இல் வந்த முடிவு, பரிசோதனைக் குழுவில் அந்த நோயால் இறப்பு 35 சதவீதம் குறைவு. இந்த அறிவு உலகம் முழுவதும் பயன்படுகிறது. ஆனால் இந்தியாவில் நடந்த இவ்வகை ஆய்வுகளில், பரிசோதனை பெறாத பெண்களுக்கு நியாயம் செய்தோமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆகவே, பலன் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒப்பீட்டுக் குழுவுக்கு எத்தனை மாதத்தில், யார் செலவில் அது கிடைக்கும் என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

நெறிமுறைக் குழு அனுமதித்துவிட்டது என்று ஒரு தாளைக் காட்டினால் அதிலும் சில பார்க்கலாம். குழுவில் ஏழு முதல் பதினைந்து பேர். தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவர். சட்டம் தெரிந்தவர் ஒருவர், சமூகவியல் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவர். கூட்டத்துக்குக் குறைந்தது ஐந்து பேர். 2019 விதிகளின்படி அந்தக் குழு மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கூட்டு அல்லது வெளிநாட்டுப் பணம் என்றால் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக்குழு ஒப்புதலும் தேவை. ரத்த மாதிரி நாடு தாண்டுகிறதா, தாண்டினால் எந்த ஒப்பந்தத்தில், மிச்சம் என்ன ஆகும் என்பது சம்மதப் படிவத்தில் தனித்தனிக் கட்டமாக இருக்க வேண்டும்: இந்த ஆய்வுக்கு மட்டும், பிற்கால ஆய்வுக்கும், வேண்டாம். ஒரே கையெழுத்தில் மூன்றையும் வாங்குவது முறையல்ல.

வீட்டின் இருப்பிடப் பதிவு பற்றி ஒரு வார்த்தை. கைபேசி தரும் அட்சரேகை எண்ணில் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் 11 மீட்டர். சுவரோடு சுவர் ஒட்டிய கடற்கரைத் தெருவில் அது வீட்டையே காட்டும். மூன்று இலக்கம் என்றால் 111 மீட்டர், இரண்டு என்றால் ஒரு கிலோமீட்டர் சொச்சம். வெளியிடும் வரைபடத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒரு ஊரில் ஐந்து பேருக்கும் குறைவாக உள்ள நோயை ஊர்ப் பெயரோடு அச்சிட வேண்டாம். எச்ஐவி என்றாலும் தற்கொலை முயற்சி என்றாலும் யார் வீடு என்று மறுநாளே தெரிந்துவிடும். பெயர்ப் பட்டியல் தனியாக, விவரம் தனியாக, நடுவில் குறியீட்டு எண். ஆதார் எண் நோய்ப்பரவல் ஆய்வுக்குத் தேவையே இல்லை, கேட்டால் மறுக்கலாம்.

பலனில் பங்கு என்பதற்கு நம் மலையிலேயே முன்மாதிரி இருக்கிறது. அகத்தியமலைக் காணி மக்கள் ஆரோக்கியப்பச்சைச் செடியை அடையாளம் காட்டியதிலிருந்து உருவான மருந்தின் உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கு என்று கேரளத்து ஆய்வு நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1997-இல் அதற்காக ஓர் அறக்கட்டளை அமைந்தது. உலகமே பேசிய ஏற்பாடு. ஆனால் அது கேரளக் காணி மக்களின் அறக்கட்டளை. அதே மலையின் இந்தப் பக்கம், பேச்சிப்பாறை மேலேயும் காணிக் குடியிருப்புகள் உண்டு. ஒப்பந்தத்தில் 'சமூகம்' என்று எழுதும்போது எல்லைக்கு எந்தப் பக்கத்து ஆட்கள் என்பதையும் எழுத வேண்டும்.

ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடுவது பற்றி உள்ளூர் ஆய்வாளர்கள் கூச்சப்படுகிறார்கள். ஆய்வுக் கேள்வியை வகுப்பதில் தொடங்கி எழுதுவது வரை உள்ளூர்க் கல்லூரிக்காரர்கள் உடன் இருக்க வேண்டும், விவரத்தின் ஒரு முழு நகல் மாவட்டத்தில் இருக்க வேண்டும். பணம் போடுபவர் முடிவைத் தடுக்க முடியாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மணல் பற்றிய ஆய்வில் மணலால் லாபம் பெறுபவர் பணம் இருந்தாலும், எதிர்ப்பு இயக்கத்தின் பணம் இருந்தாலும், முதல் பக்கத்திலேயே அதைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, முடிவு ஊருக்குத் திரும்புவது. ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவுகள் இரண்டு வாரத்துக்குள், தமிழில், கையில். ஊருக்கு ஊரின் முடிவு, ஆங்கில இதழில் வரும் முன், ஒரே ஒரு தாளில்: என்ன கேட்டோம், எத்தனை பேர் சொன்னீர்கள், எத்தனை பேர் கிடைக்கவில்லை, என்ன தெரிந்தது, எது இன்னும் தெரியவில்லை. ரேஷன் கடைச் சுவர், அங்கன்வாடி, ஆலய அறிவிப்புப் பலகை, அய்யாவழியினரின் நிழல்தாங்கல் என்று ஒட்ட இடம் உண்டு. கிராம சபையில் வைத்தோம் என்று சொல்லி முடிக்க முடியாது. பேரூராட்சிகளில் கிராம சபை கிடையாது, அங்கே பகுதிக் கூட்டம் கூட்ட வேண்டும். இதற்கான அச்சுக்கூலியும் ஒலிபெருக்கி வாடகையும் வரவுசெலவில் தனித் தலைப்பில் இல்லாவிட்டால், பணம் தீர்ந்த பிறகு யாரும் திரும்பி வர மாட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் சான் பழங்குடியினர் 2017-இல் தங்களிடம் வரும் ஆய்வாளர்களுக்கான நெறிகளைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். நீரோடி முதல் சின்னமுட்டம் வரையுள்ள ஊர்க் கமிட்டிகளும் காணிக் குடியிருப்புகளும் அப்படி ஒரு பக்கம் எழுதலாம். மாவட்ட நிர்வாகம் தன் பங்குக்கு, மாவட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆய்வின் பெயர், நடத்துபவர், பணம் தருபவர், நெறிமுறைக் குழு அனுமதி எண், முடிவு ஊருக்குச் சொல்லப்பட்ட தேதி ஆகிய ஐந்தையும் இணையதளத்தில் ஒரு பட்டியலாக வைக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கும் ஆய்வுக் குழுவுக்கு அடுத்த அனுமதி தர வேண்டாம்.

இப்படிக்கு,
சமுதாய மருத்துவ ஆசிரியர்கள், களப்பணியாளர்கள் சிலர்,
நாகர்கோவில்.